ஒரு ரூபாய் வாசல்

மைக் பிடிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்கள் சங்கத்தார் வீடு தேடி வந்து, "ஐயா, இவ்வளவு காலமும் அறிவிப்பாளராய் இருந்தனீங்கள். புதுசா வாற பிள்ளையளுக்கு நாலு விசயம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, காற்றடிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதெல்லாம் ஒரு மாதம் வேலை செய்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அவற்றை நான் எழுதப் போவதில்லை. என் பிழைகளை எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு, எந்தப் பிழையை எழுதுவது என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

சிரிக்கக்கூடிய பிழை ஒன்று இருக்கிறது. அக்கராயனில் ஒரு விவசாயிகள் கூட்டம். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களைக் கடதாசியில் எழுதித் தந்திருந்தார்கள். ஒரு பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. நான் அவசரத்தில் அதை அடுத்த பெயரோடு சேர்த்து வாசித்துவிட்டேன். முன்வரிசைக் கதிரையில் இருந்த பெரியவர் ஒருவர் மெல்ல எழும்பிக் கையை உயர்த்தி, "நான் இன்னும் வெளிக்கிடேல்லைத் தம்பி" என்றார். கூட்டம் சிரித்து முடியப் பத்து நிமிடம் ஆனது. இந்தக் கதையை நான் எத்தனையோ சபைகளில் சொல்லியிருக்கிறேன். வாசிக்கும் முன் கடதாசியை ஒரு தடவை மனதுக்குள் வாசியுங்கள் என்ற பாடமும் அதில் உண்டு.

மற்றப் பிழையை நான் எந்தச் சபையிலும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூட முக்கால்வாசிதான் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. வவுனியாக் கடைத்தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றில் வேலை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். ஊரே அவரை நானா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். இரண்டு செற் ஒலிபெருக்கி, ஒரு பழைய கார், சில பற்றரிகள், பேசுவதற்கு நான். கடை அவ்வளவுதான். திருவிழாவோ, தேர்தல் கூட்டமோ, கொட்டகைக்குப் புதுப் படமோ, எதுவானாலும் காரின் கூரையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். நானா ஓட்டுவார், நான் பேசுவேன். எனக்கு நல்ல குரல் என்று எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பட்டணத்தில் அந்நாளில் வருடா வருடம் ஒரு உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். முதல் வருடம் மைதானத்தைச் சுற்றி ஒரு கயிறு மட்டும்தான். வந்தவர்கள் குந்தியிருந்து பார்த்தார்கள். அடுத்த வருடம் வாசலில் ஒரு தகரப் பேணி வைத்தார்கள், விரும்பியதைப் போடலாம். பிறகு தென்னோலைக் கிடுகு வேலி வந்தது, பத்துச் சதம் டிக்கெட் வந்தது. பிறகு இருபத்தைந்து சதம். ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் இருந்தது. கோல் கம்பத்துக்கு வலை வேண்டும், வெளியூர் அணிக்குச் சாப்பாடு வேண்டும், கிண்ணம் பெரிதாக வேண்டும். ஒவ்வொரு நியாயத்தையும் ஊருக்குச் சொன்னது நான்தான். சனங்களும் முணுமுணுத்துவிட்டுத் தந்தார்கள். வயலில் நின்றுவிட்டு நேரே வந்து, ஆட்டத்தின் ஒவ்வொரு உதைக்கும் எழும்பி இருக்கிற சனங்கள் அவர்கள்.

நான் சொல்லும் வருடத்தில் இறுதி ஆட்டத்துக்கு ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டப் பெடியள் வந்துவிட்டார்கள். அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு விளையாடிப் பழகியவர்கள். எதிரணி யாழ்ப்பாணத்தின் பேர்போன கழகம். போட்டிக்கு முந்திய கிழமை விழாக் குழுச் செயலாளர் கடைக்கு வந்து அறிவிப்பை எழுதித் தந்தார். அவர் பட்டணத்தில் செல்வாக்கான வியாபாரி. வெள்ளை முழுக்கைச் சேட்டும் குடையுமாகத் திரிவார். டிக்கெட் இருபத்தைந்து சதம் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது.

ஒட்டுசுட்டான் சந்தியில் காரை நிறுத்திப் பேசி முடித்தபோது ஒரு மனிதர் கிட்ட வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் துவாய், கையில் மண்வெட்டி. பேர் கணபதிப்பிள்ளை என்றும், எல்லோரும் கணபதியர் என்றே சொல்வார்கள் என்றும் பிறகு அறிந்தேன்.

"தம்பி, இருபத்தைஞ்சு சதம் எண்டது சரிதானே? அங்கை வந்தாப் பிறகு மாத்திப் போடமாட்டினமே?"

"ஏன் ஐயா அப்பிடிக் கேக்கிறியள்?"

"நாங்கள் ஒம்பது பேர் வாறதுக்கு இருக்கிறம். பஸ்ஸுக்கு வேறை, உள்ளுக்குப் போக வேறை எண்டு எடுத்து வைக்க வேணும். அதுதான் கேட்டனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "கோலுக்கு நிக்கிறது என்ரை மூத்தவன். தியாகராசா. எல்லாரும் அவன்ரை ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கினம். நான் ஒருக்காலும் பாத்ததில்லை. ஒவ்வொரு முறையும் வயலிலை ஏதாவது வேலை வந்திடும்."

"ஓம் ஐயா, இருபத்தைஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம். ஆனால் சுற்றிலும் சனம் நின்றது. நான் மைக்கைத் திரும்பக் கையில் எடுத்து, சந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "என்ரை குரலை நம்பி வாங்கோ! இருபத்தைஞ்சு சதத்துக்கு மேலை ஒரு சதம் கேட்டால், என்னட்டை வாங்கோ!"

சனம் கை தட்டியது. கணபதியர் சிரித்தபடி போனார். கார் வெளிக்கிட்ட பிறகு நானா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "கடைசி வசனம் கடதாசியில இருந்ததா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போட்டி நாளன்று நானா மற்ற செற்றோடு ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். மைதானத்தில் நான் தனியே. அந்த வருடம் கிடுகு வேலியை எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்கு மேலாகத் தகரம் அடித்திருந்தார்கள். முன்பெல்லாம் கிடுகு இடுக்குகளில் கண்ணை வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. தகரத்தில் அதற்கும் வழியில்லை. மைதானத்தின் ஓரத்தில், வாசல் தெரிகிற என் கொட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கம்பம் நட்டு இரண்டு குழாய்கள் கட்டியிருந்தேன். ஒன்று மைதானத்தைப் பார்த்தபடி, மற்றது தெருவைப் பார்த்தபடி. சனத்தைக் கூப்பிடுவதற்காக அப்படித்தான் எப்போதும் கட்டுவோம்.

பிற்பகல் இரண்டு மணிக்கே தெரு நிரம்பிவிட்டது. செயலாளர் வேர்த்து விறுவிறுத்து என் கொட்டிலுக்குள் வந்தார்.

"ஐசே, ஒரு அறிவிப்பு. டிக்கெட் ஒரு ரூபாய். கதிரை ரண்டு ரூபாய்."

"ஐயா, நான் இருபத்தைஞ்சு சதம் எண்டெல்லே ஊரெல்லாம் சொன்னனான்?"

"யாழ்ப்பாணத்து ஆக்கள் செலவைக் கூட்டிக் கேக்கினம். தகரத்துக்கு ஆர் காசு குடுக்கிறது? வெளியிலை பாரும், எவ்வளவு சனம். இவ்வளவு தூரம் வந்தவன் பாக்காமல் போவானே?"

"சனம் சண்டைக்கு வரும் ஐயா."

"அதுக்குத்தான் உம்மைக் கூலிக்குப் பிடிச்சிருக்கு. ஏலாதெண்டால் சொல்லும். அடுத்த வருசம் அனுராதபுரத்திலையிருந்து செற் எடுப்பிக்கலாம்."

நானா அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்பதுதான் எனக்குத் தெரியும். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மைக்கை எடுத்து, நல்ல தமிழில், ஒரு சொல்லும் தடக்காமல் அறிவித்தேன்.

வெளியே பெரிய சத்தம் எழுந்தது. சிலர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சிலர் பொக்கற்றைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். பெரும்பாலானவர்கள் போகவும் இல்லை, வரவும் இல்லை. வாசலில் அடைத்துக்கொண்டு நின்று நியாயம் கேட்டார்கள். ஒரு ரூபாய் என்றால் அவர்களுக்கு அரைநாள் கூலி. வாசல் கம்பு ஆடத் தொடங்கியது. செயலாளர் என் தோளைப் பிடித்து உலுப்பினார்.

"ஏதாவது சொல்லும், ஏதாவது சொல்லும்! வாசல் விழப் போகுது!"

என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொற்களை நான்தான் தேடினேன். இப்படிச் சொன்னேன்:

"காசில்லாதவர்கள் தயவுசெய்து வாசலை மறிக்காமல் விலகி நின்று, காசுள்ளவர்களுக்கு வழிவிடவும்."

அதை இரண்டு முறை சொன்னேன்.

தம்பிமாரே, அந்த வசனம் நன்றாக வேலை செய்தது. கத்திக்கொண்டு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். காசில்லாதவன் என்ற பேரோடு வாசலில் நிற்க யார்தான் விரும்புவார்? பொலிஸ்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பி, நல்லது என்பதுபோலத் தலையாட்டினார். விலகியவர்களின் நடுவே கணபதியரைக் கண்டேன். தோய்த்து மடித்த வேட்டி, வெள்ளைச் சேட்டு. கலியாணத்துக்குப் போகிறவர்போல வெளிக்கிட்டு வந்திருந்தார். ஒருதரம் என் கொட்டிலை நிமிர்ந்து பார்த்தார். 'என்னட்டை வாங்கோ' என்று சொன்னவன் நான். அவர் வரவில்லை. நான் மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினேன்.

தெருவுக்கு எதிரே தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர் மறுநாள் எனக்கு மிச்சத்தைச் சொன்னார். அந்த ஒன்பது பேரும் மரநிழலில் கூடி, இருந்த காசையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்களாம். திரும்பிப் போகிற பஸ் காசில் கை வைக்க முடியாது. மிச்சத்தில் இரண்டு டிக்கெட் எடுக்கலாம். "அண்ணை, நீங்கள் போங்கோ. விளையாடுறது உங்கடை பெடியன்" என்று மற்றவர்கள் அவரைத் தள்ளினார்களாம். "ஒண்டாய் வந்தனாங்கள், ஒண்டாய் நிப்பம். அந்தத் தம்பி உள்ளுக்கையிருந்து சொல்லுவார்தானே, கேப்பம்" என்று அவர் மரத்தடியில் குந்திவிட்டாராம்.

அந்தத் தம்பி நான்.

ஆட்டம் தொடங்கியது. நான் வர்ணித்தேன். பந்து யாரிடம் போகிறது, யார் தடுக்கிறார், யார் விழுகிறார் என்று மூச்சு விடாமல் சொல்வதில் நான் அந்நாளில் கெட்டிக்காரன். மைதானத்துக்குள் கதிரைகளில் இருந்தவர்கள் உத்தியோகத்தர்கள், மில் முதலாளிமார், அவர்களின் குடும்பத்தார். பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்காமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தகரத்துக்கு வெளியே இருந்துதான் கைதட்டல் வந்தது. நான் பேர் சொல்லச் சொல்ல, வெளியே இருந்து ஆரவாரம் எழும்பியது.

பாதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் செயலாளர் மறுபடி வந்தார்.

"ஐசே, வெளியிலை ஒரு கூட்டம் இருந்து சும்மா கேட்டுக்கொண்டிருக்கு. காசு குடுத்து வந்தவை என்னைக் கேள்வி கேக்கினம். சத்தத்தைக் கொஞ்சம் குறையும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். நான் சத்தத் திருகியை ஒரு நூலளவு திருப்பியிருந்தால் அவர் போயிருப்பார். வெளியே இருந்தவர்களுக்கு ஓரளவு கேட்டுக்கொண்டும் இருந்திருக்கும்.

நான் சொன்னேன்: "சத்தத்தைக் குறைச்சால் உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்கும் கேக்காது ஐயா. பொறுங்கோ, என்னட்டை ஒரு வழி இருக்கு."

பாதி ஆட்டத்துக்கு ஊதியதும் நான் கம்பத்தில் ஏறினேன். மேலே போனதும் தகரத்துக்கு அப்பால் தெரிந்தது. மரத்தின் கீழே நூறு பேருக்கு மேல் இருக்கும். நிலத்தில் துவாயை விரித்துக் குந்தியிருந்தார்கள். எல்லா முகங்களும் மேலே, என்னைப் பார்த்தபடி இருந்தன. நான் தெருப்பக்கக் குழாயில் கையை வைத்தேன். அவர்கள் அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று எனக்குச் சில விநாடிகள் கழித்துத்தான் தெரிந்தது. தங்களுக்கு இன்னும் வடிவாகக் கேட்கட்டும் என்றுதான் நான் ஏறியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர், "இன்னும் கொஞ்சம் இஞ்சாலை, தம்பி!" என்று கையால் காட்டினார். கணபதியர் எழும்பி நின்று, நெஞ்சு மட்டத்துக்குக் கையை உயர்த்தி எனக்கு நன்றி சொன்னார்.

நான் குழாயை மைதானத்துப் பக்கம் முழுதாகத் திருப்பி, கம்பியை இறுக்கிவிட்டு இறங்கினேன்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். செயலாளர் கீழே நின்று, "நீர் மூளைசாலி ஐசே" என்று முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் குடியேற்றத் திட்டப் பெடியளுக்கு எதிராக ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அடித்தவர் யாழ்ப்பாணத்து அணியின் பெரிய ஆட்டக்காரர். தியாகராசா ஒல்லியான நெடுவல். கோலுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். பந்து இடப்பக்கம் வந்தது. அவர் வலப்பக்கம் பாய்ந்துவிட்டார். ஆனால் பாய்ந்தபடியே இடது காலை எட்டிப் போட்டார். பந்து அந்தக் காலில் பட்டுக் கம்பத்துக்கு மேலால் வெளியே போனது. "தியாகராசா! மறுபக்கம் பாய்ந்தும் காலால் தட்டி வெளியேற்றிவிட்டார்! காலால்!" என்று நான் கத்தினேன். அன்று நான் சொன்னவற்றில் அதுதான் மிகச் சிறந்த வர்ணனை. அது மைதானத்துக்குள்ளேயே சுற்றியது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது யாழ்ப்பாணத்து அணி ஒரு கோல் போட்டு வென்றுவிட்டது.

சனம் கலைந்த பிறகு நான் தெருவோரம் ஓடிய வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தியாகராசா புழுதி பட்ட சேட்டோடு வாசலால் வந்தார். தோற்றவரின் முகம் இல்லை அது. தகப்பனைத் தேடிக்கொண்டு ஓடி வருகிற முகம். மரத்தடியில் அவரைக் கண்டதும், "அப்பு, பெனால்ட்டியைப் பாத்தனீங்களே?" என்றார்.

நான் பத்தடி தூரத்தில் குனிந்து நின்றேன்.

"பாத்தன் ராசா, பாத்தன்" என்றார் கணபதியர். "என்ன மாதிரிப் பிடிச்சாய்! ரண்டு கையாலும் அமத்திப் பிடிச்சாய் எல்லே?"

மகன் சிரிப்போடு வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

"நான் பிடிக்கேல்லை அப்பு. காலாலை தட்டி விட்டனான்."

"ஓம்... ஓம். தூரத்திலை நிண்டது, வடிவாய்த் தெரியேல்லை."

தியாகராசா தகப்பனின் மடிப்புக் கலையாத சேட்டைப் பார்த்தார். வேட்டியின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரையும் பார்த்தார்.

"ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லையோ?"

யாரோ ஒருவர் மெல்ல, "ரிக்கெட் ஒரு ரூபாயாம் தம்பி" என்றார்.

"எனக்குச் சொல்லி விட்டிருக்கலாமே. வாசல்லை ஆரிட்டையாவது சொல்லியிருந்தால் நான் வந்திருப்பன். நீங்கள் வெளியிலை நிக்க நான் இறங்கியிருக்கமாட்டன்."

"அதுதான் சொல்லேல்லை" என்றார் கணபதியர். "பஸ்ஸுக்கு நேரமாகுது, வா."

அவர்கள் போனார்கள். நான் வயரைச் சுற்றி முடித்தேன். 'காலால்' என்ற ஒரு சொல் அந்த மனிதரின் காதில் விழுந்திருந்தால் போதும். அவர் மகனிடம் அந்த ஒரு பொய்யையும் பிடிபடாமல் சொல்லி, சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பார். அந்தச் சொல்லை நான் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அவருக்குக் கேட்காதபடி பார்த்துக்கொண்டதும் நான்தான்.

மாலையில் நானா வந்தார். செயலாளர் எனக்கென்று தனியே ஐந்து ரூபாய் கொடுத்தனுப்பியிருந்தார், அதைக் காட்டினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குழாயைத் திருப்பச் சொன்னது அவங்களா?"

"இல்லை நானா. சத்தத்தைக் குறைக்கத்தான் சொன்னவை."

அவர் தலையாட்டிவிட்டுப் பற்றரிகளை உள்ளே தூக்கி வைத்தார். அடுத்த நாளிலிருந்து என்னோடு முன்போலவே இருந்தார். என்னைத் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், நியாயம் கண்டுபிடித்திருப்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு எனக்கு நியாயம் ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். கூலிக்குப் பேசுகிறவர்கள் நாம். பிடிக்காத அறிவிப்புகளையும் வாசிக்க வேண்டி வரும். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நான் போகவில்லை. ஆனால் கேட்டதை மட்டும் செய்யுங்கள். முடிந்தால் கேட்டதில் பாதியைச் செய்யுங்கள். விலையை அறிவிக்கச் சொன்னார்கள்; காசில்லாதவர்கள் என்று சொன்னது என் சொந்தச் சரக்கு. சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குழாயைத் திருப்பியது என் சொந்த மூளை. அநியாயம் அவர்களுடையது. அதில் நெஞ்சைத் தைக்கிற பாகம் எல்லாம் நான் இனாமாகச் சேர்த்துக் கொடுத்தது.

அடுத்த வருடமும் ஒரு ரூபாய்தான். அதற்கடுத்த வருடம் இரண்டு. கதிரைகள் கூடின, தகரமும் உயர்ந்தது. குடியேற்றத் திட்டத்து அணி அதன் பிறகு அந்தப் போட்டிக்குப் பேர் கொடுக்கவில்லை. தியாகராசாவை யாழ்ப்பாணத்துக் கழகம் ஒன்று கூப்பிட்டதாகவும், அவர் போகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். காரணம் அந்தப் பிற்பகல்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை. நான் இன்னும் நாலு வருடம் அதே கம்பத்தடியில் இருந்து வர்ணித்தேன். நல்ல கம்பீரமாக வர்ணித்தேன் என்று சொன்னார்கள். கதிரையில் இருப்பவர்களின் கைதட்டல் மெல்லியதாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தோடு முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன். என் மனைவிக்குத் தெரிந்த முக்கால்வாசி இதுதான். மிச்சம் கால்வாசி இருக்கிறது.

அந்த ஆட்டம் நடந்து மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு படத்தை அறிவிக்க மறுபடி ஒட்டுசுட்டானுக்குப் போக வேண்டி வந்தது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி நானாவிடம் கேட்டேன். "வேற ஆர் இருக்கிறா?" என்றார். சந்தியில் காரை நிறுத்திப் பேசினேன். முன்பு ஓடி வருகிற சனம் வரவில்லை. கடை வாசல்களில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பேசி முடித்துவிட்டுப் பார்த்தபோது கணபதியர் தெருவுக்கு மறுபக்கம் நின்றார். நானா என்னைப் பார்த்தார். நான் இறங்கிப் போனேன்.

"ஐயா" என்றேன். "அண்டைக்குக் குழாயைத் திருப்பினது நான்தான்."

"தெரியும் தம்பி. ஏறினதைக் கண்டனாங்கள்தானே."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அதற்குத்தான் நான் தயாராக வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"செயலாளர் திருப்பச் சொல்லி நிண்டவர் ஐயா. நான் மாட்டன் எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தனான். வேலையை விட்டு நிப்பாட்டிப் போடுவன் எண்டிட்டார்."

இதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. செயலாளர் நல்ல மனிதர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தக் குழாய் விசயத்தில் அவர் குற்றமற்றவர். அவர் இறக்கும் வரைக்கும் அந்த ஊர்ச் சனம் அவரை அதற்காகவே வெறுத்தது. அவருக்கு ஏன் என்றுகூடத் தெரிந்திருக்காது.

கணபதியரின் முகம் இளகியது. என் கையைப் பிடித்தார்.

"எனக்கு அப்பவே விளங்கினது தம்பி. இவர் இதைத் தானாய்ச் செய்யிற ஆளில்லை, ஆரோ சொல்லித்தான் செய்யிறார் எண்டு நான் மற்றவைக்கும் சொன்னனான். சம்பளத்துக்கு நிக்கிற ஆள், நீர் என்ன செய்வீர்? மனசிலை வைச்சிருக்காதையும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் என் கையைப் பிடித்தபடிதான் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று நினைத்தார்.

"கொஞ்சம் நில்லும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் போனார். வரும்போது கையில் ஒரு போத்தல் இருந்தது. காட்டுத் தேன். விற்கக் கொண்டு வந்து கடையில் வைத்திருந்தாராம்.

"வெயிலுக்கை நிண்டு நாள் முழுக்கக் கத்திற ஆள் நீர். தொண்டைக்கு நல்லது. காலமையிலை ஒரு கரண்டி குடியும்" என்றார்.

காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

சில வருடங்களில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார் என்று அறிந்தேன். அதற்கு முன்பு எத்தனையோ தடவை நான் அந்தச் சந்தியால் போயிருக்கிறேன்.

தேனை ஒரு மாதம் வைத்துக் குடித்தேன். தொண்டைக்கு நல்லதாகத்தான் இருந்தது.